கேட்டடியில் காத்திருந்த உம்மாமார்

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளை பிறந்தால் ஏழாம் நாள் பெயர் வைத்து, தலைமுடி இறக்கி, வசதிப்பட்டவர்கள் அகீகாவும் கொடுப்பார்கள். நாற்பது கழியும்வரை அயல் பெண்களும் சொந்தக்காரரும் பிள்ளை பார்க்க வந்துபோவார்கள். என் முதல் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் நடந்தது. 2009இல் நான்காவதாக ஒரு மகள் பிறந்தாள். இறைச்சிப் பங்கு எல்லா வீடுகளுக்கும் போனது. ஆனால் பிள்ளை பார்க்க வந்தவர்களிடம், "புள்ள இப்பதான் உறங்கின" என்று சொல்லி, முன் விறாந்தையிலேயே தேத்தண்ணி கொடுத்து அனுப்பினோம். நாற்பது நாளும் என் பிள்ளை உறங்கிக்கொண்டே இருந்தாள். அந்தப் பொய்யை அதிகமாகச் சொன்னவள் நான்தான்.

பிறந்த மறுநாளே டொக்டர் என்னையும் கணவரையும் அழைத்து, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதாகத் தெரிகிறது, இரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவோம் என்றார். கண்ணின் அமைப்பு, தட்டையான மூக்குத்தண்டு, உள்ளங்கையில் குறுக்கே ஓடிய ஒற்றை ரேகை, துணியைப்போலத் துவண்ட கைகால் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினார். நான் எதையும் கேட்கவில்லை. என் உம்மா மட்டும், "இது மருந்துக்கு மாறுமா டொக்டர்?" என்று கேட்டா. மாறாது என்று அவர் நேராகவே சொன்னார். அந்த நேர்மைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். மாறும் என்று யாராவது சொல்லியிருந்தால், இருந்த காசெல்லாம் அந்த வழியில் போயிருக்கும்.

அன்றிரவு உம்மா என் காதோடு சொன்னா: "மகள், மூத்தவள் கொமராகப் போறாள். அவளக் கரையேத்தும் வரைக்கும் இந்தப் புள்ளய ஆருக்கும் காட்டாத."

மூத்தவளுக்கு அப்போது 13 வயது. கிழக்கிலே பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். பிள்ளை பிறந்த அன்றே வீடு கட்டக் கல் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் நாங்கள். அப்படி ஒரு வீட்டில் 'ஏலாத பிள்ளை' ஒன்று இருக்கிறது என்று கதை போனால் மாப்பிள்ளை வீட்டார் படியேற மாட்டார்கள் என்பது உம்மாவின் பயம். உம்மா கெட்ட மனம் படைத்தவ அல்ல. அந்தப் பிள்ளைக்கு எண்ணெய் பூசி, காலை நீவி, மடியில் வைத்து ஸலவாத் சொன்னதும் அவதான். வாசலைத் தாண்ட மட்டும் விடவில்லை.

ஊர்வாய் இன்னொரு பக்கம். கிரகணத்தில் வெளியே போனேனாம், மச்சானை முடித்ததால் வந்ததாம். என் கணவர் எனக்கு மாமி மகன் என்பது உண்மை. ஆனால் சகோதரிகளே, இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: சொந்தத்தில் முடிப்பதால் வேறு சில நோய்கள் வரக்கூடும், டவுன் சிண்ட்ரோம் அதனால் வருவதில்லை. எங்கள் உடலின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளுக்கு 21ஆம் இலக்க நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக, மொத்தம் 47 இருக்கும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இதை 1959இல் அறிவித்தார்கள். 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், எல்லா இனத்திலும், பணக்கார வீட்டிலும் ஏழை வீட்டிலும் இது நடக்கிறது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும் என்பது சரி. ஆனாலும் பிள்ளை பெறுவோரில் அதிகம் இளம் தாய்மாரே என்பதால், இப்படிப் பிள்ளை பெற்றவர்களிலும் இளையவர்கள் நிறையவே. தாய் எதையோ தின்றதாலும் எங்கோ போனதாலும் வருவதல்ல. இதை எனக்கு யாரும் சொல்லாத காரணத்தால் மூன்று வருடம் நான் எனக்குள்ளேயே குற்றவாளியாக இருந்தேன்.

பிள்ளையை முதன்முதல் வாசல் தாண்ட வைத்தவர் எங்கள் பகுதி மருத்துவமாது. தடுப்பூசிக்குக் கொண்டுவரவில்லை என்று வீட்டுக்கே வந்துவிட்டார். கிளினிக்கில் பிள்ளைக்குத் தரும் பதிவேட்டை நாமெல்லாம் நிறை பதியவும் ஊசித் திகதி பார்க்கவும்தான் திறப்போம். அதற்குள் எத்தனை மாதத்தில் தலை நிமிர வேண்டும், எப்போது இருக்க வேண்டும், சத்தம் கேட்டால் திரும்புகிறதா என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருக்கின்றன. என் மூன்று பிள்ளைகளின் கொப்பியிலும் அந்தப் பக்கங்களை நான் திறந்தே பார்த்ததில்லை. மருத்துவமாது அதை விரித்து வைத்து, "இதையெல்லாம் இவளும் செய்வாள், பிந்திச் செய்வாள். ஆனால் வீட்டுக்குள் வைத்திருந்தால் செய்யமாட்டாள்" என்றார். அவர் சிங்களப் பெண். தமிழை உடைத்து உடைத்துத்தான் பேசினார். எனக்கு எல்லாம் விளங்கியது.

இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயத்தில் ஏதாவது குறை இருக்கும். ஆகவே ஸ்கேன் பார்க்கக் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போனோம். சின்னதாக ஓர் ஓட்டை. தானாகவே மூடலாம், வந்து காட்டுங்கள் என்றார்கள். மூடும்வரை நாலு தடவை போய்வந்தோம். அரசாங்க வைத்தியசாலை, வைத்தியத்துக்குச் செலவில்லை. ஆனால் பஸ் காசு, தங்குமிடம், என் கணவர் அரிசி ஆலையில் இழந்த நாட்கூலி எல்லாம் எங்கள் கணக்கில்தான். இலவசம் என்ற சொல்லுக்குள் தூரத்தின் விலை சேர்வதில்லை. இதைப் பிறகு பல இடங்களில் கண்டேன்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. மூன்று வயதில் அவள் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "பிடிவாதம்" என்றோம். ஒருநாள் பொறுமையிழந்து அடித்தும்விட்டேன். பிறகு காது டொக்டர் பார்த்தபோது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. பாதிச் சத்தம்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் இது சாதாரணமாக வருவது. கண்ணையும் காதையும் தைரொயிட்டையும் அடிக்கடி பார்க்க வேண்டும் என்று அன்றுதான் அறிந்தேன். அடித்த கையை என்ன செய்வது?

கேட்டுப் படிப்பதைவிடப் பார்த்துப் படிப்பது இவர்களுக்கு இலகு. கையால் சைகை காட்டிக் காட்டிச் சொல்லைச் சொல்லும்படி பேச்சுச் சிகிச்சையாளர் பழக்கினார். கை காட்டப் பழகினால் வாய் பேசாமற் போய்விடும் என்று உம்மா பயந்தா. நடந்ததோ மறுபக்கம். முதலில் கை, பிறகு கையோடு சொல், பிறகு சொல் மட்டும் வந்தது. "தண்ணி" என்று அவள் வாயால் கேட்டபோது வயது நாலரை.

ஊர் முன்பள்ளி ஆசிரியை ஒரு கேள்வியும் கேட்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஆகவே முதலாம் ஆண்டும் அப்படியே நடக்கும் என்று நினைத்தேன். 2015 ஜனவரியில், மூத்த பிள்ளைகள் படித்த அதே பாடசாலைக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டு, தலையில் வெள்ளை லோங்ஸும் கட்டிக் கூட்டிப்போனேன். அதிபர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஒரு வகுப்பில நாப்பது புள்ளயள். டீச்சர் இதையும் பார்க்க ஏலுமா? மத்தப் புள்ளயளும் கெட்டுப்போகும். டவுண்ல விசேட கல்விப் பிரிவு இரிக்கி, அங்க போங்க" என்றார். கடுமையாகப் பேசவில்லை. நானும் சரியென்று எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போது, "உம்மா, ஸ்கூல்?" என்று கையைக் காட்டிக் கேட்டாள்.

அந்த டவுன் எங்களுக்கு ஏழு மைல். மூன்று பிள்ளைகள் சேர்ந்து பிடித்த ஓட்டோவுக்கு எங்கள் பங்கு மாதம் 5,000 ரூபா. சின்னப் பிள்ளைகளைத் தனியே விட்டு வரவும் முடியாது. மலசலகூடம் போகத் தாய் வேண்டும், சாப்பாடு ஊட்டத் தாய் வேண்டும், வலிப்பு வந்தால் தாய் வேண்டும். ஆகவே காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து தாய்மார் அந்தப் பாடசாலைக் கேட்டடியில், வேப்பமர நிழலில் பாய் விரித்துக் குந்தியிருப்போம். நாலு பேர் முஸ்லிம்கள். ஒருவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து அக்கா. எங்கள் இரண்டு ஊர்களுக்குமிடையில் நடந்த பழைய கதைகளை இங்கே எழுதத் தேவையில்லை. அந்தப் பாயில் அவை ஒருநாளும் வரவில்லை. அங்கே வந்த கதையெல்லாம் மலச்சிக்கல், எச்சில் வடிதல், யார் கல்யாண வீட்டுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனார், யார் விட்டுப்போனார் என்பவைதான். சிரித்த நாட்களும் உண்டு. என் சொந்த ராத்தாவிடம் சொல்லாததை நான் அந்தப் பாயில் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் அதிபர் எங்களைத் திருப்பியனுப்பிய கதையைச் சொன்னேன். அந்த அக்காவின் தம்பி அரசாங்க எழுதுவினைஞர். அவரிடம் கேட்டுக்கொண்டு வந்து மறுநாள் சொன்னா: "தங்கச்சி, அப்பிடிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லையாம். சட்டம் இருக்குதாம்." 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது. வலது குறைவைக் காரணம் காட்டித் தொழிலுக்கோ கல்வி நிலையத்துக்கோ ஒருவரைச் சேர்க்காமல் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. நான் அதிபரின் முன்னால் சரியென்று தலையாட்டிய நாளில் அந்தச் சட்டத்துக்கு 18 வயது. கொமராகிவிட்ட சட்டம், அதையும் வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்போலும்!

நாங்கள் ஐந்து பேரும் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகக் கதிரை தந்து, "உங்கட ஊரில அப்பிடிப் புள்ளயள் அவ்வளவா இல்லையே. விண்ணப்பம் ஒண்டும் வரல்லயே" என்றார். வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தோம். ஆனால் இரவு படுக்கும்போது யோசித்தேன். விண்ணப்பம் எப்படி வரும்? என் மகளே நாற்பது நாள் உறங்கினவள்தானே. நாம் ஒளித்துவைத்த பிள்ளைகளை அவர் எந்தக் கொப்பியில் காண்பார்?

80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினோம். அஸருக்குப் பிறகு இரண்டிரண்டு பேராக, தெருத் தெருவாகப் போனோம். பிள்ளையின் வயது, என்ன குறை, கிளினிக் கொப்பி இருக்கிறதா, எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று மட்டும் எழுதினோம். மருத்துவமாது சில வீடுகளைக் கண் ஜாடையில் காட்டினார். சில வீடுகளில் தேத்தண்ணி கிடைத்தது, சில வீடுகளில் ஏச்சுக் கிடைத்தது. "எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்ல" என்று ஒரு உம்மா கதவடியிலேயே மறித்தா. அவ சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்களோடு கதைக்க வேண்டும் என்று வந்த சத்தம். அந்த உம்மாவின் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. நான் ஒன்றும் கேட்காமல், "என்ட மகளும் இப்பிடித்தான் ராத்தா" என்றேன். வெகு நேரம் நின்றுவிட்டு, அவ திரையை விலக்கினா.

17 வயதுப் பெண்பிள்ளை. மூளைவாதம், கால் இரண்டும் கத்தரிபோலப் பின்னியிருந்தன, கை மடங்கியிருந்தது. பேச்சுத் தெளிவில்லை, ஆனால் எல்லாம் விளங்குகிறது. ராத்தாமார் பாடம் படிப்பதைக் கேட்டுக் கேட்டே வாய்ப்பாடு தெரிந்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கும் போனதில்லை. அவளுக்குப் பாடசாலை வயது எங்கள் கண்முன்னாலேயே கழிந்துபோயிருந்தது. எங்கள் கொப்பியில் அவளுடைய பெயரை எந்தப் பந்தியில் எழுதுவதென்றே தெரியவில்லை.

நாலு மாதத்தில் 27 பெயர்கள். அவர்களில் 16 பேர் பாடசாலை வாசலே மிதிக்காதவர்கள். கிளினிக் பதிவுகளின் போட்டோப் பிரதிகளையும் இணைத்துக்கொண்டு திரும்பவும் அதே அலுவலகத்துக்குப் போனோம். அதே அதிகாரிதான். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். முதல் தடவை எங்கள் கண்ணீரைப் பார்த்தும் அசையாத மேசை, பெயர்ப் பட்டியலைக் கண்டதும் அசைந்தது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அலுவலகங்களுக்குக் கண்ணீரைக் கோவையில் போடத் தெரியாது.

2016 நடுப்பகுதியில் எங்கள் ஊரிலேயே ஒரு வகுப்பறை கிடைத்தது. மறுத்த அதே பாடசாலையில்தான், அதிபர் மாறியிருந்தார். அந்த வருடம்தான் நம் நாட்டில் கட்டாயக் கல்வி வயது 16 வரை உயர்த்தப்பட்டது. வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை அந்த வருடமே ஏற்று உறுதிப்படுத்தியது. இவையெல்லாம் எங்களுக்காக நடந்தவை அல்ல என்றாலும், மனுவில் எழுத உதவின.

அறை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோமே தவிர, மலசலகூடத்தை யாரும் யோசிக்கவில்லை. இரண்டு படி ஏறி, குந்தியிருக்கும் பீங்கான். கால் மடியாத பிள்ளை எப்படிக் குந்தும்? காலையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கொடுக்காமல் பிள்ளையை அனுப்பிய தாய்மார் இருந்தார்கள். பொதுக் கட்டிடங்களில் எல்லோரும் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006இலேயே ஒழுங்குவிதி வந்திருக்கிறது. எங்கள் பாடசாலைப் படிக்கட்டுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. கடைசியில் ஒரு மேசன் நானா மூன்று நாள் கூலியை விட்டுக்கொடுத்தார். பள்ளிவாசல் நிர்வாகம் சீமெந்தும் ஒரு கொமட்டும் வாங்கித் தந்தது. படியிருந்த இடத்தில் சாய்தளம், சுவரில் பிடிகம்பி. கப்ரு நினைவும் சுவர்க்கமும் மட்டும் பேசப்பட்டுவந்த நிர்வாகக் கூட்டத்தில் முதன்முறையாகக் கக்கூசு பேசப்பட்டதாக என் கணவர் வந்து சிரித்தார்.

முதலில் வந்த ஆசிரியை, விசேட கல்வியில் பயிற்சி பெற்ற இளம் பிள்ளை. சித்திரம், உடற்பயிற்சி, இடைவேளை மூன்றுக்கும் எங்கள் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு கலந்துவிட்டா. "மத்தப் புள்ளயளும் கெட்டுப்போகும்" என்று சொன்னார்களே, என்ன நடந்தது தெரியுமா? நாலாம் ஆண்டுப் பையன்கள் சக்கர நாற்காலியை யார் தள்ளுவது என்று சண்டை பிடித்தார்கள். ஆண்டு இறுதியில் இரண்டு பிள்ளைகள் சாதாரண வகுப்புக்கே மாறினார்கள். அவர்களில் ஒருவனுக்குக் குறையென்று இருந்தது பார்வை மட்டும்தான்; பெரிய எழுத்தில் கொடுத்தால் எல்லாரையும்போலப் படிப்பான். ஒன்பது வயதுவரை அவனை 'மண்டையில ஏறாத புள்ள' என்று வீட்டில் வைத்திருந்தார்கள்.

எல்லாம் நேராகப் போனதாக எழுதினால் அது பொய்யாகிவிடும். 2019இல் அந்த ஆசிரியைக்கு இடமாற்றம். பதிலுக்கு யாரும் வரவில்லை. ஆசிரியர் இல்லாத அறை சில மாதங்களில் களஞ்சிய அறையாகியது. உடைந்த மேசைகள் எங்கள் பிள்ளைகளின் படங்களுக்கு மேல் சாய்ந்து கிடந்தன. பிறகு 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் எல்லாமே மூடப்பட்டன. மற்றப் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் பாடம் வந்தது. என் மகளுக்குத் தொலைபேசிக்குள் இருக்கும் டீச்சர் டீச்சரே அல்ல. சொன்ன சொல்லெல்லாம் மறந்து, திரும்பவும் கையால் காட்டத் தொடங்கினாள். ஒரு பிள்ளை வீட்டிலேயே இறந்துபோனான். பெயர்ப் பட்டியலோடு மீண்டும் படியேறி, 2021 கடைசியில்தான் அடுத்த ஆசிரியையைப் பெற்றோம்.

2022ஐ நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை; ஓட்டோக்கள் எல்லாம் வீட்டடியில். டவுன் பிரிவுக்குப் போய்வந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடசாலை திறந்த நாளெல்லாம் போனார்கள். நடந்து போனார்கள், இரண்டுபேர் தள்ளுவண்டியில் போனார்கள். கொழும்பில் எவ்வளவு பெரிய நிலையம் இருந்தாலும், என் மகளின் கால் நடக்கும் தூரத்தில் இருந்த அந்த ஓர் அறைதான் அவளுக்குப் பாடசாலை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஓதப்பள்ளியிலும் ஆரம்பத்தில் இடமில்லைதான். கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களைப் பற்றி எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம். அதைச் சொன்ன மௌலவியிடமே போய், "ஹஸ்ரத், என்ட மகள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மற்றப் பிள்ளைகள் போனபின் அரை மணித்தியாலம் அவருடைய மனைவி ஓதிக்கொடுப்பா என்றார். அலிபிலிருந்து ஜீமுக்கு வர ஒரு வருடம் எடுத்தது. அந்த ஆலிமா ஒருநாளும் கடிகாரம் பார்க்கவில்லை.

மூத்தவளின் கல்யாணக் கதையைக் கேட்பீர்கள். முதலில் வந்த சம்பந்தம் சின்னவளைக் கண்டபின் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. உம்மா என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. இரண்டாவதாக வந்த நாளில் சின்னவளை அறையில் வைத்துச் சாத்தினேன். ஆம் சகோதரிகளே, கொப்பியோடு வீடு வீடாகப் போன நான்தான் சாத்தினேன். அவள் கதவைத் திறந்துகொண்டு நேரே வந்து மாப்பிள்ளையின் உம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. அவ பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "எங்கட காக்காட மகனும் இப்பிடித்தான் மச்சி. எட்டு வயசாகிது. அவனுக்கு எங்க கொண்டுபோய்க் காட்டணும்?" என்று கேட்டா. 2017இல் கல்யாணம் நடந்தது.

திரைக்குப் பின்னாலிருந்த அந்தப் பெண்பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்கவில்லை. பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார். மாதாந்தக் கொடுப்பனவோ கருவிகளோ வேண்டுமென்றால் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். அவரூடாகச் சக்கர நாற்காலி ஒன்று வந்தது. வந்த அன்று எங்கே போகவேண்டும் என்று கேட்டோம். கடலுக்கு என்றாள். வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இருபது வருடமாக இரவில் அலைச் சத்தம் கேட்டுப் படுத்தவள். மணலில் சில்லு புதைந்து, கடைசித் தூரத்துக்கு நாலுபேர் தூக்கினோம். அவளுடைய உம்மா மட்டும் வீட்டடியில் நின்றுவிட்டா. அழுதாவோ என்னவோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் உம்மா 2020இல் மௌத்தானா. கடைசி மாதங்களில் அவவுக்குக் கஞ்சி பருக்கினது சின்னவள்தான். கரண்டியை ஊதி ஊதிக் கொடுப்பாள். உம்மாவின் வாயிலிருந்து கடைசியாக நான் தெளிவாகக் கேட்ட சொல், அவளுடைய பெயர்.

இப்போது மகளுக்கு 16 வயது. பாடசாலைப் பிரிவில் இருக்கக்கூடிய காலம் முடிகிறது. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் ஒன்றுமில்லை. கைத்தொழில் பழக்கும் இடங்கள் இருக்கின்றன. போய்வர முடியாத தூரத்தில். ஆண்பிள்ளைகள் இருவரும் முடித்துப் போகும் வீடுகளுக்குப் போவார்கள். மூத்தவளுக்கு வீடு கொடுத்தாகிவிட்டது. இருக்கிற வீட்டைச் சின்னவளின் பெயரில் எழுதிவிட்டோம். வீட்டை எழுதலாம். அந்த வீட்டில் அவளோடு யார் இருப்பார் என்பதை எந்த நொத்தாரிசிடமும் எழுத முடியாது. இரவில் எனக்கும் அவருக்கும் இதே பேச்சுத்தான்.

பழைய கேட்டடி உம்மாமார் நாலுபேர் சேர்ந்து என் குசினியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பெரிய பிள்ளைகள் நாலுபேர் வருகிறார்கள். மா பிசைவது ஒருத்தி, தட்டுக்கு எண்ணெய் தடவுவது ஒருவன். பெட்டியில் எண்ணி அடுக்குவது என் மகள். பெட்டிக்குப் பத்து. விரலை மடக்கி மடக்கி எண்ணுவாள். சில நாட்களில் பதினொன்று இருக்கும். கடைக்கார நானா இதுவரை முறையிட்டதில்லை. ஒன்பது இருந்த நாளில் மட்டும் அவர் சொல்லியனுப்பினார். அன்று அவள் குடையை எடுத்துக்கொண்டு, குறைந்த ஒன்றை வாழையிலையில் சுற்றி, தானே நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.